தொப்பிக்குக் கீழே

பிப்ரவரி 11

கீச்சு,

போனில் உன்னையும் உன் அண்ணனையும் உங்கள் அம்மாவையும் தடுத்து வைத்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் காகிதம். பாதியில் நீ அழ ஆரம்பித்து, நான் சமாதானம் சொல்லும்படி ஆகாது. அது ஒரு வசதி.

நான் மேடையிலிருந்து இறங்கிப் போனதற்கு ஏதோ கதை கட்டியிருக்கிறார்களாம். மயக்கம் வந்துவிட்டது என்று, நம் குழுவை நடத்துகிற உன் அண்ணன் பேட்டியில் சொல்லியிருக்கிறார். கட்டிய மனைவிக்கு மயக்கம் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு சரளமாக வாய் வருகிறது. நடந்ததை என்னிடமே கேட்டுக்கொள்.

நாலாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் களைத்துவிட்டது மேலிருந்தே தெரிந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்று அடித்தாளத்தைக் குறைக்கக் குமிழைத் திருகினேன். குறையவில்லை. முழுக்கத் திருகினேன். அது தன்பாட்டுக்கு டம் டம் என்று இடித்துக்கொண்டே இருந்தது. குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். பாட்டைக் கலக்குகிற என் மிக்சரின் கேபிளை அழகாகச் சுருட்டி, டேப் ஒட்டி, ஒரு கொக்கியில் மாட்டியிருந்தார்கள். அது எதிலும் செருகப்படவில்லை. இரண்டு கையையும் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் பாட்டு நிற்கவில்லை. விளக்குகள் அதற்குத் தக்கபடி வெட்டி வெட்டி எரிந்தன. முன்வரிசையில் ஒருவன் என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.

இறங்கிப் போய் விளக்குக்காரரைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "டூர் ஆரம்பிச்சதிலேர்ந்தே இப்படித்தான் மேடம். லைட்டும் பாட்டும் ஒண்ணாப் போகணும்னு சார் சொன்னாரு. உங்க நாத்தனாருக்குத் தெரியுமே" என்றார்.

உனக்குத் தெரியும். அந்தச் செத்த குமிழ்களை நான் உயிரைக் கொடுத்துத் திருகுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் பாடியிருக்கிறாய்.

நம் முதல் இசைத்தட்டை எங்கே செய்தோம் என்று உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்கமாட்டேன். சலவைக் கடை மாடியில் இருந்த அந்த அறையை உன்னால் மறக்க முடியாது. கீழே நீராவிப் பெட்டி புஸ் என்று விடும் மூச்சைப் பிடித்துத் தாளத்தில் கோத்தோம். நீ குரலை உயர்த்தாமல், யாரிடமோ ரகசியம் சொல்வதைப் போலப் பாடினாய். ஆட்டத்துக்கென்று நாம் கட்டிய ஹவுஸ் இசைக்கு அதுதான் முகமாக இருந்தது. மேடை ஏறக் கூச்சப்பட்டு நான் மூக்குவரை தொப்பியை இழுத்துவிட, நீயும் வாங்கிப் போட்டுக்கொண்டாய். குழுவுக்கு இரட்டைத் தொப்பி என்ற பெயர் அப்படி வந்ததுதான். இரண்டாவது தட்டில் பாட்டுகளைப் பாதியாக வெட்டினார்கள், பொறுத்துக்கொண்டேன். மூன்றாவதில் உன் குரலை மேலே தூக்கி, நசுக்கி, கதவிடுக்கில் மாட்டிய எலிக்குஞ்சு கத்துவது மாதிரி ஆக்கினார்கள். நிமிஷத்துக்கு ஒருமுறை எல்லாம் நின்று, பிறகு மண்டையில் போடுகிற மாதிரி இடி. பஸ்ஸில் யாரோ அந்தப் பாட்டைப் போட்டிருந்தார்கள். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

எனக்கு உங்கள் யார்மீதும் கோபம் இல்லை. கோபம் ஆறிவிடும். இது குமட்டல்.

அண்ணி

*

பிப்ரவரி 20

அண்ணி,

தெரியும். சொன்னால் அன்றைக்கே இறங்கிவிடுவீர்கள் என்றுதான் சொல்லவில்லை. சொல்லாமலும் இறங்கிவிட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு என்ன ஆனது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? அத்தனை பேருக்கு முன்னால், காலியான மேஜைக்குப் பக்கத்தில், நான் ஒருத்தியாக மீதிப் பாட்டு எல்லாவற்றையும் பாடி முடித்தேன். முடிந்ததும் அண்ணன் ஒப்பனை அறைக்கு வந்து, நீங்கள் எங்கே என்று கேட்பார் என்று நினைத்தேன். "நாளைக்கு அங்க யாரு நிப்பா?" என்றுதான் கேட்டார்.

நின்றது யார் என்று உங்களுக்கே இந்நேரம் தெரிந்திருக்கும். நடனம் சொல்லிக்கொடுக்கிற ஒரு பெண். உங்கள் உயரம், உங்கள் தோள். நான் வேண்டாம் என்றேன். "தொப்பி மூக்கு வரைக்கும் இறங்குது. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். யாருக்கும் தெரியவில்லை, அண்ணி. அதைச் சொல்ல எனக்கே என்னவோபோல் இருக்கிறது. ஒருவருக்குக்கூடத் தெரியவில்லை.

குமட்டல் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு எதைக் கண்டால்தான் குமட்டாது? முதல் தட்டு வந்த காலத்தில், அந்தப் பழைய கிடங்கில் வாசித்தபோது, வியர்வை நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டீர்கள். ஆடுகிறவர்கள் மேஜை வரை வந்து கையைப் பிடித்தால், பிறகு குழாயடியில் நின்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினீர்கள். இரண்டாவது தட்டுக்கு ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடவைத்து, ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். என்ன குறை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்தச் சுளிப்பைப் பார்த்துப் பார்த்தே எனக்கு என் குரல் பிடிக்காமல் போனது. அதன்பிறகு அதை எலிக்குஞ்சாக்கினால் என்ன, பூனைக்குட்டியாக்கினால் என்ன என்று விட்டுவிட்டேன். அந்த எலிக்குஞ்சைத்தான் இன்று ஊரே முணுமுணுக்கிறது.

இன்னொன்று. உங்களுக்குப் புருஷனை விட்டுவிட்டு வர ஒரு வழி இருந்தது. நான் கூடப்பிறந்தவரை எங்கே கொண்டுபோய் விடுவது?

அம்மா உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

கீச்சு

*

மார்ச் 4

கீச்சு,

உன் கடிதத்தை மூன்று துண்டாகக் கிழித்துவிட்டு, பிறகு ஒட்டி வாசித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் நான் முகம் சுளித்தது உண்மை. என் காதில் ஒரு சத்தம் இருக்கும், ஸ்பீக்கரில் வேறொன்று வரும். அந்த இடைவெளியைப் பார்த்துச் சுளிப்பேன். அது உன்மேல் வந்து விழும் என்று யோசித்ததே இல்லை. அதற்காக உன் காலில் விழப்போவதும் இல்லை. கேபிள் விஷயம் அப்படியேதான் இருக்கிறது.

அந்தப் பெண்ணின் படத்தைப் பார்த்தேன். ஸ்கேட்டிங் அரங்கில் டிக்கெட் கொடுக்கிற அம்மா, "இந்தக் குரூப்பு சூப்பரா இருக்கும்" என்று தன் போனில் காட்டினார். எனக்கே என்னைக் காட்டினார்! ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்து, தலையை இடப்பக்கம் சாய்த்து, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். அச்சு அசல் நான். அது எப்படி அவளுக்கு வரும்? உன் அண்ணன்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் என் புடவை நிறத்தைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத மனுஷன், என்னை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார். அதை எண்ணி நான் சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், ஒரு வாடகைப் பெண்ணுக்கு அதைக் கழற்றி மாட்டிவிட்டார். சோறு இறங்கவில்லை எனக்கு.

ஆமாம், ஸ்கேட்டிங் அரங்கில்தான் வேலை. ஸ்பீக்கர்களையும் பாட்டையும் பார்த்துக்கொள்கிறேன். ஆள் வராத அன்று சக்கரக் காலணி கவுன்டரிலும் நிற்கிறேன். ஊரார் போட்டுக் கழற்றிய காலணிக்குள் கையை விட்டு மருந்து தெளிப்பது என் வேலை. ஈரமாக, சூடாக இருக்கும். நாற்றத்தைச் சொல்லி மாளாது. வியர்வைக்கு மூக்கைப் பிடித்தவள் இப்போது அதில்தான் முங்கிக் கிடக்கிறேன், உனக்குச் சந்தோஷம்தானே. ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த நாற்றத்தில் கள்ளம் இல்லை. யாரோ ஒருவர் உண்மையாகவே விழுந்து எழுந்து வியர்த்திருக்கிறார்.

அங்கே உன் மைக் செருகியிருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்.

அண்ணி

*

மார்ச் 29

அண்ணி,

குனிந்து பார்க்காமலே தெரிந்துவிட்டது.

போன வாரம் முழுக்கத் தொண்டை வீங்கிக் கிடந்தது. எச்சில் விழுங்கினால் கண்ணாடித் துண்டு இறங்குகிற மாதிரி வலி. நிகழ்ச்சி மதியமே ஆரம்பம், திறந்தவெளி மைதானம். பாட முடியாது என்று அண்ணனிடம் சொன்னேன். "நீ வந்து நின்னா போதும்" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் பாட்டுக்கு வாயைத் திறந்தேன். சளி வந்து அடைத்தது. இருமினேன். என் குரல் கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. வாயை மூடினேன். பாடியது. அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். அவள் உங்களைப்போல் உதட்டைக் கடித்துக்கொண்டு செத்த குமிழைத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்கு எதிரே ஒரு சின்னப் பெண், கன்னமெல்லாம் கண்ணீராக, என் வாயையே பார்த்துக்கொண்டு கூடவே பாடுகிறாள். எனக்குத் தாங்கவில்லை. மைக்கை வாயோடு ஒட்டி வைத்து, "நான் பாடல. இது நான் இல்ல. நிறுத்தச் சொல்லுங்க" என்று கத்தினேன். காற்றுதான் வந்தது. உதடு அசைவதைப் பார்த்து மைதானமே கைதட்டியது. எல்லாப் போன்களும் மேலே எழும்பின.

அப்போதுதான் அதைச் செய்தேன். அந்த மைக்கில் துப்பினேன். சளியோடு, வாய் நிறைய. பின்னாலிருந்த பெரிய திரையில் அது வழிவதைக் காட்டினார்கள். மைதானம் ஆர்ப்பரித்தது, அண்ணி. நம் முதல் தட்டின் எந்தப் பாட்டுக்கும் அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை.

மேடைக்குப் பின்னால் ஓடிப்போய், ஜெனரேட்டர் பக்கத்தில் வாந்தி எடுத்தேன். அண்ணன் வந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார், முதுகைத் தடவினார். சின்ன வயதில் எனக்கு உடம்புக்கு வந்தால் அவர்தான் அப்படித் தடவுவார். ஒரு நிமிஷம் பழைய அண்ணன் திரும்பி வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"நல்லாருந்துச்சு, அந்தத் துப்பினது. நாளைக்கும் அதே எடத்துல துப்பு. லைட்ட அங்க சிவப்பாக்கிடலாம்" என்றார்.

தொண்டையில் கொப்புளம் என்று மருத்துவர் சொல்கிறார். அதிகம் பேசக்கூடாதாம்.

கீச்சு

*

ஏப்ரல் 3

கீச்சு,

உன் கடிதம் வந்த அன்று நான் காலணி கவுன்டருக்குப் போகவில்லை. அறையைச் சாத்திக்கொண்டு, அந்த மனுஷனோடு ஒரே தட்டில் சாப்பிட்டதையெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒரு கேள்வி. மறுநாள் துப்பினாயா?

அண்ணி

*

ஏப்ரல் 16

அண்ணி,

துப்பவில்லை. மறுநாள் காலையிலேயே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். என்னோடு படித்த தையற்காரி வீட்டில் இருக்கிறேன். துணி வெட்டும் மேஜைக்கு அடியில் படுக்கை. தொண்டைக்கு ஓய்வு. அண்ணன் ஒருமுறைதான் கூப்பிட்டார். அவர் குரலில் கோபமே இல்லை. "சரி, உடம்பப் பாத்துக்க. வேற ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றார். திட்டியிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும்.

வேறு ஏற்பாடு என்னவென்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் ஒருத்தியாகப் போனேன். என் தொப்பிக்குக் கீழே ஒரு புதுப் பெண். நம் இருவருக்கும் பதிலாக இரண்டு பேர், எதிலும் செருகாத ஒரு மேஜையும் ஒரு மைக்கும், எங்கிருந்தோ வருகிற என் குரல். அந்த இடம் வந்ததும் விளக்கு சிவப்பானது. அவள் துப்பினாள். முன்வரிசை திருப்பித் துப்பியது. பழகியிருக்கிறார்கள், அண்ணி! அதற்கென்றே வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு வருகிறார்கள். என் சட்டைக் கையில் யாருடையதோ பட்டது. கைக்குட்டையால் துடைத்துக் கைக்குட்டையையும் எறிந்துவிட்டேன்.

அதோடு கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பும் நேரத்தில் முதல் தட்டின் இரண்டாம் பக்கப் பாட்டைப் போட்டார்கள். எதையும் மாற்றாமல், நீங்கள் கோத்த மாதிரியே. நீராவி மூச்சு, அதன்மேல் நீங்கள் தள்ளித் தள்ளி வைத்த அடி. சுற்றி எச்சில், எதிரே இரண்டு பொம்மைகள், எல்லாம் பொய் என்று எனக்கு மட்டும் தெரியும். அப்படியிருந்தும் என் கால் ஆடிவிட்டது. நான் ஆடினேன், அண்ணி. கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை ஆடினேன். முடிந்ததும் என்னைக் கண்டே எனக்குச் சீயென்று ஆனது. பாட்டைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

வெளியே கையெழுத்து வாங்க வரிசை. நானும் நின்றேன், ஏன் என்று கேட்காதீர்கள். தட்டை நீட்டினேன். என் தொப்பிக்காரி நிமிர்ந்து, "பேர் என்னக்கா போடட்டும்?" என்றாள். கீச்சு என்றேன். தொண்டை கரகரத்தது. "தொண்டை கட்டியிருக்கா? பாத்துக்கோங்கக்கா" என்று பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தாள். நல்ல பெண். அவளை வெறுக்கலாம் என்று எவ்வளவோ முயன்றேன். அந்த வசதியும் இல்லாமல் போயிற்று.

தட்டில் 'கீச்சுவுக்கு அன்புடன்' என்று எழுதி, நம் பெயரைப் போட்டுக் கொடுத்தாள். என் கையெழுத்தைவிட நன்றாக இருக்கிறது.

கீச்சு

*

ஏப்ரல் 25

கீச்சு,

படித்து வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். அந்தக் கையெழுத்து இடத்தைத்தான் சொல்கிறேன். எச்சில் இடத்தைப் படித்துவிட்டுக் கைகழுவினேன், பழக்கம் போகவில்லை.

கால் ஆடியதற்கு ஏன் உன்னைத் திட்டிக்கொள்கிறாய்? அது நாம் செய்தது. ஆடத்தான் செய்தோம்.

உன் அண்ணன் நேரில் வந்தார். அரங்கின் படியில் உட்கார்ந்து பேசினோம். நாலாவது தட்டு வேண்டுமாம். நான் வரவே வேண்டாம், வீட்டிலிருந்தே தாளத்தை மட்டும் செய்து அனுப்பினால் போதுமாம். "ஜனங்க வர்றது தொப்பியப் பாக்கத்தான். உனக்கு ஏன் இவ்வளவு அருவருப்பு?" என்று கேட்டார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார், அதுதான் கொடுமை. பெயர், தொப்பி, மூன்று தட்டு எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், என்னையும் உங்கள் தங்கையையும் விட்டுவிடுங்கள் என்றேன். "அப்ப வீட்டுக்கு?" என்றார். வீட்டுக்கும் இல்லை என்றேன். எழுந்து போகும்போது என் தோளைத் தொட வந்தார். விலகிக்கொண்டேன். அதன்பிறகு கொஞ்சம் அழுதேன், உன்னிடம் மறைப்பானேன்.

இங்கே ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். மரத்தரையில் சக்கரங்கள் உருளும்போது ஒரு முழக்கம் வரும், தூரத்து ரயில் மாதிரி. அதைப் பிடித்து மெதுவான தாளம் ஒன்று கட்டியிருக்கிறேன். போன வாரம் போட்டுப் பார்த்தேன். சறுக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். டிக்கெட் அம்மா, "இதென்ன, கரண்ட் கம்மியா வருதா?" என்றார்.

ஆனாலும் மே மாதம் ஒரு ஞாயிறு மதியம் முதலாளியிடம் கேட்டு எனக்கு அரங்கை வாங்கித் தருகிறார். ஸ்கேட்டிங் கிடையாது, ஆடுகிறவர்கள் வரலாம். பாட ஆள் வேண்டும். மருத்துவர் விட்டால் மட்டும் வா. உன் குரல் எங்கே உடைகிறதோ அங்கே நான் தாளத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். இத்தனை வருஷத்தில் உனக்காக நான் ஒருமுறையும் காத்திருந்ததில்லை.

அண்ணி

*

மே 24

அண்ணி,

மருத்துவமனையிலிருந்து எழுதுகிறேன். கொப்புளத்தை எடுத்துவிட்டார்கள். வாயைத் திறந்தால் நர்ஸ் அதட்டுகிறார். நீங்கள் வந்து போனபோது நான் கையை ஆட்டியது, 'பழம் வேண்டாம், உட்காருங்கள்' என்று அர்த்தம். நீங்கள் கிளம்பச் சொல்கிறேன் என்று நினைத்து எழுந்துவிட்டீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் இன்னும் பேசவே இல்லை. அதற்குள் இங்கே படுத்துவிட்டேன்.

ஆள் அதிகம் இல்லை. பாதிப் பேர் அன்று ஸ்கேட்டிங் கிடையாது என்று தெரியாமல் வந்தவர்கள். காலணி நாற்றம் கூரைவரை இருந்தது, நீங்கள் எழுதியதைவிட மோசம். முதல் பாட்டில் என் குரல் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. இரண்டாவதில் நடுவிலேயே போய்விட்டது. வெறும் காற்று. நீங்கள் கையைத் தூக்கினீர்கள், தாளம் நின்றது. அப்படி ஒரு அமைதியை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. யாரோ ஒருவர் பின்னாலிருந்து, "என்னாச்சும்மா?" என்றார். "தொண்டை சரியில்லைங்க" என்றேன். அரங்கம் முழுக்க அது கேட்டது. நான் சொன்னது, நான் சொன்ன அதே நொடியில், கரகரவென்று. பயந்தே போனேன். நீங்கள் அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் குடித்தேன். நான் தலையசைத்த பிறகுதான் நீங்கள் ஆரம்பித்தீர்கள்.

சிலர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் ஆடினார்கள், ரொம்ப மோசமாக.

அண்ணன் வந்திருந்தார், கவனித்தீர்களா? கதவோரம் நின்றார். வெளியே என்னைப் பிடித்து, "சவுண்டு கேவலமா இருந்துச்சு" என்றார். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆமாம் அண்ணா, கேவலமாகத்தான் இருந்தது என்றேன். நான் ஒத்துக்கொண்டதும் கையிலிருந்த வண்டிச் சாவியைத் திருகிக்கொண்டே நின்றார். பாவமாகவும் இருந்தது, அவர் பக்கத்தில் நிற்க அருவருப்பாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வருமா? எனக்கு வந்தது. வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

இன்னும் சில வாரம் பாடக்கூடாதாம். அதற்குள் மூன்றாவது பாட்டை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கி வையுங்கள். இரண்டாம் வரியில் எனக்கு மூச்சு வாங்குகிறது.

கீச்சு